பெண்கல்விக்காக வாழ்ந்த கர்மயோகி மகரிஷி கார்வே

1875-ஆம் ஆண்டு. மேற்குக் கடற்கரையில் கொங்கணப் பகுதியிலுள்ள முருட் என்ற சிற்றூரிலிருந்து சில மாணவர்கள் சாதாரா நகரை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். ஆறாம் வகுப்புக்கான அரசுத் தேர்வு அங்கேதான் நடைபெற இருந்தது. இடையில் சஹ்யாத்ரி மலைத்தொடர், ஏறத்தாழ 110 மைல் தூரம், மழைக்காலம் வேறு. சேற்றிலும் மலைப்பாதையிலும் நடந்து அவர்கள் தேர்வுக்கூடத்தை அடைந்தார்கள். அவர்களுள் மெலிந்து குள்ளமாக இருந்த ஒரு மாணவனைத் தேர்வு அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார். தேர்வு எழுதப் பதினேழு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. மாணவனுக்குப் பதினேழு வயது நிறைந்திருந்தது. ஆனால் அதிகாரி அதை நம்பவில்லை. தேர்வெழுத அனுமதி மறுக்கப்பட்டது. வந்த வழியே மாணவன் ஊர் திரும்பினான்.

தோற்றத்தை மட்டுமே பார்த்து ஒருவர் கதவை மூடிவிட, கல்வியின் வாசலிலிருந்து திரும்ப நேர்ந்த அந்த மாணவன்தான் தோண்டோ கேசவ் கார்வே. பெண்ணாகப் பிறந்தாள் என்பதற்காகவும், விதவையானாள் என்பதற்காகவும் எண்ணற்ற சிறுமியருக்கு மூடப்பட்டிருந்த கதவுகளைத் திறப்பதற்காகவே அவர் பிற்காலத்தில் தமது நீண்ட வாழ்நாளைச் செலவிட்டார். பாரதத்தின் முதல் மகளிர் பல்கலைக்கழகத்தை நிறுவினார். மக்கள் அவரை மகரிஷி என்று போற்றினார்கள். அருகில் இருந்தவர்கள் அன்போடு ‘அண்ணா’ என்றே அழைத்தார்கள்.

இளமைப் பருவம்

1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் ரத்னகிரி மாவட்டத்தில், தாயின் பிறந்த ஊராகிய ஷேரவலியில் கார்வே பிறந்தார். தந்தை கேசவபந்த் சிறு ஊதியத்தில் பணிபுரிந்தவர். வறுமை இருந்தது, ஆனால் அந்த வீட்டில் தன்மானமும் இருந்தது. ஒருமுறை பரோடாவில் அந்தணர்களுக்குத் தட்சணை வழங்கப்படுவதாகச் செய்தி வந்தபோது பிள்ளைகள் அங்கே செல்ல விரும்பினார்கள். உழைக்காமல் பெறும் பணம் வேண்டாம் என்று தாய் தடுத்துவிட்டார். தமக்காக யாரிடமும் கையேந்தலாகாது என்ற பாடம் அன்றே மகனின் உள்ளத்தில் பதிந்தது. அதே மகன் பிற்காலத்தில் பிறருக்காக வீடுவீடாகச் சென்று கையேந்தினார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

சாதாராவில் ஏற்பட்ட ஏமாற்றம் கார்வேயைச் சோர்வடையச் செய்யவில்லை. அடுத்த ஆண்டு கோலாப்பூர் சென்று அதே தேர்வை எழுதி வெற்றி பெற்றார். பின்னர் மும்பை எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் கணிதம் பயின்று 1884-இல் பட்டம் பெற்றார். மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லியும், பெண்கள் பள்ளிகளில் கற்பித்தும் பொருள் ஈட்டினார். ஈட்டியதில் ஒரு சிறு பங்கை அறப்பணிக்கென்று தனியே எடுத்துவைத்தார். முருட்டிலிருந்து பிழைப்புக்காக மும்பைக்கு வந்திருந்தவர்களை ஒன்றுதிரட்டி, ஊரின் கல்விக்காக ஒரு நிதியைத் தொடங்கினார். சிறு வருவாய் உடையவர்களும் ஒழுங்காகக் கொடுத்துவந்தால் ஊருக்கு ஒரு பள்ளியைத் தரமுடியும் என்பதை அவர் அப்போதே கண்டுகொண்டார்.

1891-இல் புனே ஃபெர்குசன் கல்லூரி அவரைக் கணிதப் பேராசிரியராக அழைத்தது. 1914 வரை அவர் அங்கே பணியாற்றினார்.

சொந்த வீட்டில் தொடங்கிய சீர்திருத்தம்

அக்கால வழக்கப்படி கார்வேக்கு இளம் வயதிலேயே திருமணம் நடந்திருந்தது. மனைவி ராதாபாய் 1891-இல் காலமானார். மனைவியை இழந்த ஆண் எந்த வயதிலும் ஒரு சிறுமியை மணந்துகொள்ளலாம். சமுதாயம் அதை மறுக்கவில்லை. ஆனால் எட்டு வயதில் கணவனை இழந்த சிறுமி வாழ்நாள் முழுவதும் விதவையாகவே இருக்க வேண்டும். தலைமயிர் மழிக்கப்படும், மங்கல நிகழ்ச்சிகளில் அவளுக்கு இடமில்லை, கல்வி என்ற பேச்சே இல்லை. இந்த அநீதி கார்வேயின் மனத்தை வருத்தியது. மறுமணம் செய்துகொள்வதாயின் ஒரு விதவையையே மணப்பது என்று அவர் உறுதி பூண்டார்.

பண்டித ரமாபாய் 1889-இல் மும்பையில் தொடங்கிய சாரதா சதனம், மறு ஆண்டு புனேக்கு மாற்றப்பட்டது. அங்கே சேர்ந்த முதல் விதவை மாணவி கோதுபாய். எட்டு வயதில் மணமாகிச் சில மாதங்களிலேயே கணவனை இழந்தவர். 1893 மார்ச் மாதம் புனேயில் கார்வே அவரை மணந்தார். ஆனந்திபாய் என்ற புதுப்பெயர் பெற்ற அவரைப் பின்னர் எல்லோரும் ‘பாயா’ என்று அழைத்தார்கள்.

தம்பதியர் முருட்டுக்குச் சென்றபோது ஊர் கூடிச் சமூக விலக்கு விதித்தது. கார்வேயை வீட்டில் சேர்த்துக்கொண்டால் அவருடைய அண்ணன் குடும்பமும் விலக்கி வைக்கப்படும் என்று எச்சரித்தார்கள். எந்த ஊரின் பள்ளிக்காகப் பணம் திரட்டினாரோ அந்த ஊரிலேயே அவர் தாயின் வீட்டுக்குள் உரிமையோடு நுழைய முடியவில்லை. தாயும் தமையனும் பட்ட துயரம் அவரை வாட்டியது. ஆயினும் ஊராரிடம் பகை பாராட்டவில்லை; எடுத்த அடியைப் பின்வைக்கவும் இல்லை.

பிறருக்கு உபதேசம் செய்வது எளிது. தாம் சொல்வதைத் தம் வீட்டிலேயே முதலில் செய்து காட்டியவர் என்பதால்தான் பின்னாளில் அவர் சொல்லுக்கு வலிமை இருந்தது.

ஆசிரமம் பிறந்தது

விதவைகளுக்கு மறுமணம் செய்துவைப்பதற்கென 1893-இல் கார்வே ஒரு சங்கம் கண்டார். ஆனால் அனுபவம் அவருக்கு மற்றோர் உண்மையை உணர்த்தியது. மறுமணத்துக்குத் துணிபவர்கள் மிகச் சிலரே. ஏனையோரின் கதி என்ன? பிறர் வீட்டு அடுப்படியில் தேய்ந்து அழியும் இந்தப் பெண்களுக்குக் கல்வி கிடைத்தால் தங்கள் வாழ்வைத் தாங்களே தீர்மானித்துக்கொள்வார்கள் அல்லவா? இந்தச் சிந்தனையின் பயனாக 1896-இல் புனேயில் விதவையர் இல்லத்துக்கான சங்கம் உருவாயிற்று. இல்லம் ‘அநாத பாலிகாசிரமம்’ என்று பெயர் பெற்றது. தம் சிறு சேமிப்பை முதல் நன்கொடையாக கார்வே அளித்தார்.

ஆசிரமத்துக்கு ஊராரின் நம்பிக்கை தேவைப்பட்டது. மறுமணம் செய்துவைக்கும் இடம் என்று எண்ணிப் பெற்றோர் தங்கள் பெண்களை அனுப்பத் தயங்கினார்கள். ஆகவே கார்வே இரு பணிகளையும் பிரித்து, மறுமணச் சங்கப் பொறுப்பிலிருந்து விலகினார். சீர்திருத்தவாதிகள் சிலர் இதைக் கோழைத்தனம் என்று குறை கூறினார்கள். பழமையாளர்களோ முன்பே அவரை வெறுத்திருந்தார்கள். இரு தரப்பாரின் ஏச்சையும் அமைதியாக ஏற்றுக்கொண்டார். தம் பெயர் காக்கப்படுவதைவிட ஒரு சிறுமி கூடுதலாகக் கல்வி பெறுவதே அவருக்கு முக்கியமாக இருந்தது.

சமுதாயத்தில் செல்வாக்கு உடையவர்கள் என்ன செய்ய முடியும் என்பதை ஆசிரமத்தின் தொடக்கக் காலம் காட்டுகிறது. பெரும் சம்ஸ்கிருத அறிஞரான ராமகிருஷ்ண கோபால் பண்டார்க்கர் சங்கத்தின் தலைவராகத் தம் பெயரைத் தந்தார். 1891-இல் தம் விதவை மகளுக்கு மறுமணம் செய்துவைத்து, அதற்காக எதிர்ப்பைச் சந்தித்தவர் அவர். சாஸ்திரங்களைக் கரைத்துக் குடித்த ஒருவர் தலைமை தாங்கியபோது, இது சமயத்துக்கு விரோதமான செயல் என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை. ராவ் பகதூர் கணேஷ் கோவிந்த் கோகலே புனேக்கு வெளியே ஹிங்கணே என்ற கிராமத்தில் 6 ஏக்கர் நிலத்தையும், கட்டடத்துக்கென 750 ரூபாயையும் வழங்கினார். அங்கே ஒரு குடிசை எழுந்தது. 1900-இல் ஆசிரமம் அங்கே குடிபுகுந்தது.

ஹிங்கணே அப்போது ஆளரவமற்ற இடம். நல்ல சாலை இல்லை. கல்லூரியில் பாடம் முடிந்ததும் கார்வே ஆசிரமத்துக்குத் தேவையான பொருள்களைச் சுமந்துகொண்டு பல மைல் நடந்தே செல்வார். மாலையில் மாணவியருக்குக் கற்பிப்பார். காலையில் மீண்டும் புனேக்கு நடை. வழியில் வசை மொழிகள் விழும். விடுமுறை நாள்களில் நன்கொடை திரட்டப் புறப்படுவார். எவ்வளவு சிறிய தொகையானாலும் கணக்கில் எழுதுவார். கணிதப் பேராசிரியரின் கணக்கில் ஒரு காசும் தவறியதில்லை என்ற நம்பிக்கையே ஆசிரமத்தின் பெரிய மூலதனமாயிற்று.

இந்தத் தியாகத்தின் சுமையைப் பெரிதும் தாங்கியவர் ஆனந்திபாய். கணவரின் வருமானமும் நேரமும் ஆசிரமத்துக்கே சென்றுவிட, பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் குடும்பச் செலவும் அவர் தலையில் விழுந்தன. அவர் மனம் நொந்து கணவரைக் கடிந்துகொண்டதும் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. மகளிர் நலனுக்காக உழைத்த ஒருவரின் இல்லத்திலும் ஒரு பெண்ணே அதிகம் சுமக்க நேர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த அம்மையாரும் பின்னர் அதே பணிக்காக நன்கொடை திரட்டினார். கார்வேயின் புகழில் பாதி அவருக்கு உரியது.

கற்றவள் கற்பிப்பவள் ஆனாள்

ஆனந்திபாயின் தங்கை பார்வதிபாய் அதாவலே இருபதாவது வயதில் விதவையாகிக் கைக்குழந்தையுடன் நின்றவர். அவர் ஆசிரமத்தில் சேர்ந்து கல்வி பெற்றார். பின்னர் அதன் மேற்பார்வையாளர் ஆனார். ஊர் ஊராகச் சென்று மேடையேறிப் பேசி நிதி திரட்டினார். ஆசிரமத்துக்காக உதவி தேடி 1918-இல் அமெரிக்காவுக்குப் பயணமானார். அங்கே வீட்டுவேலை செய்து தம்மைக் காத்துக்கொண்டார். அவர் தமக்கென மறுமணத்தை நாடவில்லை. எந்தப் பாதையில் செல்வது என்பதை அவரே தேர்ந்தெடுத்தார்.

கார்வே விரும்பியதும் இதுவே. உதவி பெறுபவள் என்றென்றும் உதவி பெறுபவளாகவே இருந்துவிட்டால் அந்த உதவி முழுமை பெறவில்லை. ஆசிரமத்துக்கு வந்தவள் ஆசிரமத்தை நடத்துபவளாக உயர வேண்டும். பெண்களின் பிரச்சினைகளைத் தீர்க்க ஆண்கள் முற்பட வேண்டாம். கல்வியைக் கொடுத்துவிட்டு விலகி நின்றால் அவர்களே தீர்த்துக்கொள்வார்கள் என்பது சுவாமி விவேகானந்தரின் கருத்து. சுவாமிஜியின் சிஷ்யை சகோதரி நிவேதிதை கல்கத்தாவின் பாக்பஜாரில் தொடங்கிய பெண்கள் பள்ளியை அன்னை ஸ்ரீசாரதாதேவி 1898 நவம்பர் மாதம் தொடங்கிவைத்தார். ஒரே காலத்தில் நாட்டின் கிழக்கிலும் மேற்கிலும் ஒரே சிந்தனை செயல்வடிவம் பெற்றது.

நிஷ்காம கர்ம மடம்

1907-இல் விதவைகள் மட்டுமின்றி எல்லாப் பெண்களும் பயில்வதற்காக மகிளா வித்யாலயம் தொடங்கப்பட்டது. நிறுவனங்கள் வளர வளர, சம்பளத்துக்காக அன்றித் தொண்டுக்காகவே வாழும் ஊழியர்கள் தேவைப்பட்டார்கள். 1908-இல் கார்வே ‘நிஷ்காம கர்ம மட’த்தை நிறுவினார். கீதை போதிக்கும் பலன் கருதாத செயலே அதன் அடிப்படை. அதில் சேர்பவர்கள் தங்கள் வாழ்வைப் பணிக்கு அர்ப்பணித்தார்கள். மடம் அளிப்பதைக் கொண்டு நிறைவோடு வாழவும், தமக்கென்று தனியே பொருள் சேர்க்காதிருக்கவும் உறுதியேற்றார்கள். காவியும் கமண்டலமும் இல்லை. ஆனாலும் அது ஒருவகைத் துறவே. கரும்பலகையும் கணக்கேடும் அங்கே வழிபாட்டுப் பொருள்கள் ஆயின.

ஐந்து மாணவியருடன் ஒரு பல்கலைக்கழகம்

ஜப்பானியக் கல்வியாளர் நருசே 1901-இல் டோக்கியோவில் மகளிருக்கென ஓர் உயர்கல்வி நிலையத்தை நிறுவியிருந்தார். அதைப் பற்றிய சிறு நூல் ஒன்று கார்வேயின் கைக்குக் கிடைத்தது. அப்போதைக்கு அதை ஒதுக்கி வைத்தார். 1915 டிசம்பரில் மும்பையில் கூடிய தேசிய சமூக மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைப்பு வந்தபோது அந்த நூலை மீண்டும் எடுத்துப் படித்தார். நம் நாட்டிலும் அப்படி ஒன்று ஏன் கூடாது? மாநாட்டிலேயே தம் திட்டத்தை வெளியிட்டார்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. தனிப் பல்கலைக்கழகம் பெண்களின் கல்வித் தரத்தைத் தாழ்த்திவிடும் என்று முற்போக்காளர்களே அஞ்சினார்கள். ஏற்கெனவே உள்ள பல்கலைக்கழகங்களில் பயிலக்கூடிய பெண்கள் அங்கே பயிலட்டும். ஆங்கிலத்தின் வழியாகக் கற்க இயலாத பெரும்பாலோருக்குத் தாய்மொழியில் உயர்கல்வி வேண்டும் என்பது கார்வேயின் விடை. ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும் வைக்கப்பட்டது.

1916-இல் புனேயில் மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கிற்று. பண்டார்க்கர் வேந்தராகவும், கணித மேதை ரகுநாத் புருஷோத்தம் பராஞ்சபே துணைவேந்தராகவும் பொறுப்பேற்றார்கள். முதலில் சேர்ந்த மாணவியர் ஐவர். பட்டம் பெறுபவர்களுக்குக் கல்வியைக் கைக்கொண்டவள் என்னும் பொருளில் ‘கிருஹீதாகமா’ என்ற பெயர் சூட்டப்பட்டது. அரசின் அங்கீகாரம் இல்லை. பெரும் நிதியும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் கார்வே மீண்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார்.

தாயின் பெயரில் ஒரு தானம்

அப்போது மும்பையின் நெசவாலைத் தொழிலில் முன்னணியில் நின்றவர் சர் விட்டல்தாஸ் தாமோதர் தாக்கர்சி. கூட்டுறவு இயக்கத்துக்கும் துணைபுரிந்தவர். அவர் தம் மனைவி பிரேம்லீலாவுடன் கீழ்த்திசை நாடுகளில் பயணம் செய்தபோது ஜப்பானில் மகளிர் பல்கலைக்கழகத்தைக் கண்டார். கார்வேயின் கனவு வீண்கனவல்ல என்பது நேரில் கண்டபோது விளங்கியது.

1920-இல் தாக்கர்சி 15 லட்சம் ரூபாய் தர முன்வந்தார். அதற்கு வட்டியாக ஆண்டுதோறும் 52,500 ரூபாய் பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்க ஏற்பாடாயிற்று. அக்காலத்தில் அது மிகப் பெரிய தொகை. நிறுவனத்துக்குத் தம் பெயரைச் சூட்டும்படி அவர் கேட்கவில்லை. தம் தாயின் பெயரைக் கேட்டார். ‘ஸ்ரீமதி நாதிபாய் தாமோதர் தாக்கர்சி மகளிர் பல்கலைக்கழகம்’ என்ற பெயர் இவ்வாறு அமைந்தது. பிள்ளைகளின் பெயரோடு தந்தையின் பெயரே வழங்கிவந்த மேற்குப் பாரதத்தில், ஒரு தாயின் பெயர் பல்கலைக்கழகத்தின் வாயிலில் பொறிக்கப்பட்டது.

1922-இல், ஐம்பது வயதுகூட நிறையும் முன்பே, தாக்கர்சி காலமானார். கணவர் ஊன்றிய வித்துக்கு பிரேம்லீலா நீர் வார்த்தார். பல்கலைக்கழகத்தின் தலைமையகம் 1936-இல் மும்பைக்கு மாறியது. நாடு விடுதலை பெற்றபின் சட்டம் இயற்றப்பட்டு, 1951-இல் அது முழு அங்கீகாரம் பெற்றது. அப்போது அதன் துணைவேந்தராகப் பொறுப்பேற்றவர் பிரேம்லீலா அம்மையாரே. செல்வர் ஒருவரின் கொடை அவருடைய இல்லத்துப் பெண்ணையே நாட்டுப் பணிக்கு அழைத்து வந்தது.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். தாக்கர்சியின் 15 லட்சம் வருவதற்கு முன் இருபத்துநான்கு ஆண்டுகள் கார்வே காசு காசாகச் சேர்த்திருந்தார். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோரின் சிறு கொடைகளால் அடித்தளம் அமைந்தபிறகே அந்தப் பெருங்கொடை அதன்மேல் நிலைத்து நின்றது.

ஓயாத முதுமை

எழுபது வயதைக் கடந்தபின் 1929-இல் கார்வே ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளுக்குச் சென்றார். பின்னர் ஆப்பிரிக்காவிலும் பயணம் செய்தார். சென்ற இடமெல்லாம் பாரதப் பெண்களின் கல்வி பற்றிப் பேசி நிதி திரட்டினார். 1936-இல் பள்ளி இல்லாத கிராமங்களுக்குத் தொடக்கக் கல்வி அளிக்க ஒரு சங்கம் கண்டார். தம் சிறு ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முதலில் தந்துவிட்டு, பிறரிடம் கேட்கச் சென்றார். 1944-இல், எண்பத்தாறாம் வயதில், சாதி வேற்றுமைகளைப் போக்க ‘சமதா சங்க’த்தைத் தொடங்கினார்.

ஆனந்திபாய் 1950-இல் மறைந்தார். 1955-இல் பத்ம விபூஷண் விருதும், நூறாவது வயதில் 1958-இல் பாரத ரத்னா விருதும் கார்வேயைத் தேடிவந்தன. அவர் உயிரோடிருக்கும்போதே அவர் உருவம் பொறித்த தபால்தலையும் வெளியாயிற்று. 1962 நவம்பர் 9-ஆம் நாள், 104-ஆம் வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார். ஹிங்கணேயில் குடிசை நின்ற பகுதி இன்று கார்வேநகர் என்ற பெயரில் புனே நகரத்துக்குள் இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் பயில்கிறார்கள்.

நமக்குரிய பாடம்

கார்வேயின் காலத்து நிலைமை இன்று இல்லை. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வி உரிமை என்று 2009-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம். குறிப்பிட்ட வரம்புக்குமேல் உள்ள நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் விதித்திருக்கிறது. பெண்கல்வியும் அப்பணிகளில் அடங்கும்.

ஆனால் சட்டம் பள்ளிக்கூடத்தின் கதவைத்தான் திறக்கும். ஒரு சிறுமி வீட்டை விட்டு வெளியே வர வேண்டுமானால் வீட்டின் கதவும் ஊரின் மனமும் திறக்க வேண்டும். அந்த இடத்தில் ஊர்ப் பெரியவரின் ஒரு சொல் பெரும் பயன் தரும். கற்றறிந்த பண்டார்க்கர் தம் மதிப்பைத் தந்தார். கோகலே நிலத்தைத் தந்தார். தாக்கர்சி செல்வத்தைத் தந்தார். பெயர் தெரியாத எளியவர்கள் காசுகளைத் தந்தார்கள். கார்வே தம்மையே தந்தார். பார்வதிபாய் அதாவலேயைப் போன்ற பெண்கள் அவற்றையெல்லாம் பெற்றுக்கொண்டு, பன்மடங்காக்கி அடுத்த தலைமுறைக்கு அளித்தார்கள்.

நம் ஆலையில், நம் கடையில், நம் தெருவில் கல்வியை நிறுத்திவிட்ட ஒரு சிறுமி இருக்கக்கூடும். அவளை மீண்டும் பள்ளிக்கு அனுப்ப நம்மிடம் இருப்பதில் எதைத் தரலாம் என்று எண்ணிப் பார்ப்போம். பலனை எதிர்பாராமல் அதைத் தருவோம். அன்னை பராசக்திக்குச் செய்யும் உண்மையான அர்ச்சனை அதுவே.